நாலு பேர் முன்னால் உதறல் எடுக்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

இதை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போய், அதில் உள்ளதை இந்த வாரமே செய்து பாருங்கள். ஆனால் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். அவை இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் அறிவுரையாகத்தான் தெரியும். கூச்சமுள்ளவர்களுக்கு அறிவுரை ஏற்கெனவே தேவைக்கு மேல் கிடைத்திருக்கும்: "தைரியமா பேசு", "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?", "இப்படி இருந்தா நாளைக்கு எப்படிப் பிழைப்பே?" இதைக் கேட்டு யாருக்கும் உதறல் நின்றதாகத் தெரியவில்லை.

சரிசெய்ய ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

கூட்டத்தில் அதிகம் பேசாமல் இருப்பது கோளாறு இல்லை. உறவினர் வீட்டு விசேஷத்தில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்தால் களைப்பாக இருக்கிறது, தனியாக உட்காரத் தோன்றுகிறது, ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் பயமில்லாமல் போனது என்றால் அது உங்கள் சுபாவம். வீட்டில் என்ன சொன்னாலும் அதை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

புதியவர்கள் முன் முதலில் தயங்கிவிட்டு, கொஞ்ச நேரத்தில் பழகிவிடுவது கூச்சம். இது மிகவும் சாதாரணம். 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிலிப் ஜிம்பார்டோ என்ற உளவியலாளர் கேட்டுப் பார்த்தபோது, ஏறக்குறைய 40 சதவீதம் பேர் தங்களைக் கூச்ச சுபாவிகள் என்றே சொன்னார்கள்.

மூன்றாவது வகைதான் கவனிக்க வேண்டியது. பிறர் நம்மை எடைபோடுவார்கள், மட்டமாக நினைப்பார்கள் என்ற பயம் மாதக்கணக்கில் விடாமல் இருக்கிறது. அதனால் நேர்முகத் தேர்வுக்குப் போகவில்லை, வகுப்பில் சந்தேகம் கேட்கவில்லை, நண்பன் கல்யாணத்துக்குப் போகாமல் காய்ச்சல் என்று சொல்லிவிட்டீர்கள். இதைச் சமூகப் பதற்றம் என்கிறார்கள். 6 மாதம் அல்லது அதற்கு மேல் நீடித்து, வாழ்க்கையின் வேலைகளைக் கெடுத்தால் மருத்துவர்கள் அதை நோயாகக் கணக்கில் எடுப்பார்கள். பெரும்பாலும் 8 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் தொடங்குவதால், "நான் பிறந்ததிலிருந்தே இப்படித்தான்" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சிகிச்சை இருக்கிறது என்பதே தெரியாமல் இருபது, முப்பது வருடம் ஓட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம் இதுதான், ஏனென்றால் நன்றாகக் குணமாகக்கூடிய மனநலச் சிக்கல்களில் இதுவும் ஒன்று.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். நடுக்கம், படபடப்பு, வேர்வை இவை வீட்டில் தனியாக, நிம்மதியாக இருக்கும்போதும் வருகின்றனவா? உடல் இளைத்துக்கொண்டே போகிறதா? அப்படியென்றால் தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உடம்பில் உள்ள காரணத்தை விட்டுவிட்டு மனத்தோடு மல்லுக்கட்டக் கூடாது.

இத்தனை முறை சமாளித்தும் பயம் ஏன் போகவில்லை?

நாயைக் கண்டு பயப்படும் ஒருவர் தினமும் ஒரு சாதுவான நாயோடு இருந்தால் பயம் குறைந்துவிடும். ஆனால் நீங்கள் தினமும் மனிதர்களுக்கு நடுவில்தானே இருக்கிறீர்கள்? பயம் ஏன் குறையவில்லை? இந்தக் கேள்விக்கு 1995இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் சொன்ன விளக்கம் இன்றைக்கும் சிகிச்சையின் அடித்தளமாக இருக்கிறது.

பயம் வந்ததும் உங்கள் கவனம் எதிரில் இருப்பவரை விட்டு உங்கள் பக்கமே திரும்பிவிடுகிறது. குரல் நடுங்குகிறதா, முகம் எப்படி இருக்கிறது, கையை எங்கே வைப்பது என்று உள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளே உணர்வதை வைத்து, வெளியில் நீங்கள் எப்படித் தெரிகிறீர்கள் என்று ஒரு படம் வரைந்துகொள்கிறீர்கள். அந்தப் படம் எப்போதும் மோசமாகத்தான் இருக்கும். அடுத்து, அந்தப் படம் வெளியே தெரியாமல் இருக்க மறைக்கும் வேலையில் இறங்குகிறீர்கள்: கண்ணைப் பார்க்காமல் இருப்பது, செல்போனை எடுத்துப் பார்ப்பது, சுருக்கமாகப் பதில் சொல்வது, கடைசி வரிசையில் உட்கார்வது, பேசுவதற்கு முன் வாக்கியத்தை மனத்துக்குள் மூன்று முறை சொல்லிப் பார்ப்பது.

சிக்கல் இந்த மறைக்கும் வேலையில்தான் இருக்கிறது. நிகழ்ச்சி நல்லபடியாக முடிந்தாலும், "நான் மறைத்ததால் தப்பித்தேன்" என்றே மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. மறைக்காமல் இருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதை அது கற்றுக்கொள்ள வாய்ப்பே வருவதில்லை. அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். என் கவனம் இப்போது எங்கே இருக்கிறது? எதை மறைக்க என்ன செய்கிறேன்?

அறிகுறி: விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பே வயிற்றைக் கலக்குகிறது

சித்தப்பா மகன் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமையே சாப்பாடு இறங்கவில்லை. "போகாமல் இருக்க என்ன காரணம் சொல்லலாம்?" என்று மனம் தேடிக்கொண்டிருக்கிறது.

ஒரு தாளை எடுத்து, அங்கே என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள் என்பதை எழுதுங்கள். "சங்கடமா இருக்கும்" என்று பொதுவாக எழுதினால் பயன் இல்லை. போய் வந்த பிறகு சரிபார்க்க முடிகிற மாதிரி எழுத வேண்டும். "நான் உள்ளே போனதும் பெரியம்மா எல்லார் முன்னாலும் என் வேலையைப் பற்றிக் கேட்பார். என்னால் ஒரு வார்த்தை பேச முடியாது. எல்லோரும் சிரிப்பார்கள்." பக்கத்தில் அது நடக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்றும் போடுங்கள். திரும்பி வந்ததும் அதே தாளில் நடந்ததை எழுதுங்கள். பெரியம்மா கேட்டிருக்கலாம், நீங்கள் ஏதோ ஒரு பதில் சொல்லியிருப்பீர்கள், அவர் அடுத்த பந்திக்குப் போயிருப்பார். இப்படிச் சில தாள்கள் சேர்ந்த பிறகு, பயம் சொல்வதற்கும் நடப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று உங்கள் கையெழுத்திலேயே தெரியும். சமாதானம் சொல்ல யாரும் தேவைப்பட மாட்டார்கள்.

போகும்போது ஒரு வேலையை எடுத்துக்கொள்வது நல்லதுதான். சந்தனம், பன்னீர் கொடுக்கும் இடத்தில் நிற்பது, பந்தியில் தண்ணீர் வைப்பது. நாலு பேரோடு கண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை பேச அது வழி செய்யும். ஆனால் பேசாமல் இருப்பதற்காகவே சமையற்கட்டில் போய் ஒளிந்துகொண்டால் அதுவும் மறைக்கும் வேலைதான். அப்புறம், படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது கிளம்பிவிடாதீர்கள். கொஞ்சம் தணியும்வரை இருந்துவிட்டுக் கிளம்புங்கள். உச்சத்தில் ஓடி வந்தால், அடுத்த விசேஷத்துக்கு அந்த உச்சம் மட்டுமே நினைவில் நிற்கும்.

அறிகுறி: நுழைந்ததும் எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது

2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல பதில். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் மற்றவர்களும், பேரி மேனிலோ என்ற பாடகரின் படம் பெரிதாகப் போட்ட டி-ஷர்ட்டை ஒரு மாணவருக்கு மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அந்த வயதில் அதைப் போட்டுக்கொள்ள யாருக்கும் வெட்கமாக இருக்கும். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால், ஏறக்குறைய பாதிப் பேர் என்றார்கள் அதை அணிந்தவர்கள். உண்மையில் யாருடைய படம் என்று சொல்ல முடிந்தவர்கள் கால்வாசிப் பேர்தான்.

எனவே அறைக்குள் போனதும், உங்களைப் பார்ப்பதை விட்டு மற்றவர்களைப் பாருங்கள். மனத்தை அடக்கச் சொல்லவில்லை, அதற்கு வேறு வேலை கொடுங்கள். யார் நீலச் சட்டை போட்டிருக்கிறார்கள்? மின்விசிறிச் சத்தம் கேட்கிறதா? எதிரில் பேசுகிறவர் எந்த ஊர் வழக்கில் பேசுகிறார்? எத்தனை பேர் உண்மையிலேயே உங்களைப் பார்க்கிறார்கள் என்று நிமிர்ந்து எண்ணியும் பார்க்கலாம். தலையைக் குனிந்திருந்தால் இந்தக் கணக்கு கிடைக்காது. இது பழக்கத்தில் வருவது. பயமில்லாத இடங்களிலேயே, பஸ்ஸில், பூங்காவில், தினம் சில நிமிடம் கவனத்தை வெளியே வைத்துப் பழகினால்தான் பயமான இடத்தில் கைகொடுக்கும்.

அறிகுறி: கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, முகம் சிவக்கிறது

காபி டம்ளரை யாராவது நீட்டினால் "வேண்டாங்க, இப்பதான் குடிச்சேன்" என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வங்கியில் எல்லார் முன்னாலும் கையெழுத்துப் போட முடியாதவர்கள் இருக்கிறார்கள். பெண் பார்க்க வரும் அன்று தட்டைத் தூக்கிக்கொண்டு வரும் பெண்ணின் நிலையைச் சொல்லவே வேண்டாம். உடம்பு காட்டிக்கொடுத்துவிடுமே என்ற பயம்தான் எல்லாவற்றிலும் கொடியது என்று நினைக்கிறேன்.

இங்கே மறைக்கும் வேலை நேரடியாகவே அறிகுறியைக் கூட்டுகிறது. நடுங்கக் கூடாது என்று டம்ளரை இறுக்கிப் பிடித்தால் தசைகள் விறைத்து நடுக்கம் அதிகமாகும். வேர்வை தெரியக் கூடாதென்று மேலே ஒரு கோட்டோ தடித்த சட்டையோ போட்டால் இன்னும் வேர்க்கும். முகம் சிவக்கிறதோ என்று நினைத்தாலே சூடு ஏறும். எனவே செய்ய வேண்டியது இது. நம்பிக்கையான ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, ஒரு தடவை வழக்கம்போல் இறுக்கிப் பிடித்து மறைத்துக்கொண்டு காபி குடியுங்கள். இன்னொரு தடவை தளர்வாகப் பிடித்து, நடுங்கினால் நடுங்கட்டும் என்று அவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே குடியுங்கள். எப்போது அதிகம் நடுங்கியது என்று நீங்களும் அவரும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். செல்போனில் படம் எடுத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. உள்ளே நிலநடுக்கம் மாதிரி உணர்ந்தது, வெளியே கண்ணுக்கே தெரியாத அளவில் இருப்பதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள்.

அது சரியாகப் போனால் அடுத்த படி: டம்ளர் நிறையக் காபி வாங்கி, வேண்டுமென்றே கொஞ்சம் சிந்துங்கள். டீக்கடையில் செய்யலாம். யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒருவர் திரும்பிப் பார்ப்பார், கடைக்காரர் துணியால் துடைப்பார், அவ்வளவுதான். கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் "சிந்தினால் மானம் போய்விடும்" என்ற பயத்தை அந்தச் சிந்தலைத் தவிர வேறு எதுவும் இவ்வளவு சீக்கிரம் கரைப்பதில்லை.

தலை சுற்றல், விரல் மரத்துப்போதல், உதடு ஊசி குத்துவது போல் இருத்தல் எல்லாம் வேகமாக மூச்சு விடுவதால் வருவது. ரத்தத்தில் கரியமில வாயு குறைவதே காரணம், ஆபத்து இல்லை. நாலு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். இதைப் போவதற்கு முன்பு செய்யுங்கள். ஆள் எதிரில் பேசிக்கொண்டிருக்கும்போது மூச்சை எண்ணிக்கொண்டிருந்தால் அதுவும் உள்ளே பார்ப்பதுதான்.

மேடை ஏறுவதற்கு முன் படபடப்பைக் குறைக்கப் புரொப்ரனலால் என்ற மாத்திரையைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. நண்பர் கொடுத்தார் என்று விழுங்காதீர்கள், மருத்துவர் சொன்னால் மட்டுமே.

அறிகுறி: பேச எழுந்ததும் மண்டை காலியாகிவிடுகிறது

செமினார், வைவா, நேர்முகத் தேர்வு. வீட்டில் கண்ணாடி முன்னால் வரி பிசகாமல் சொன்னது, எழுந்து நின்றதும் முதல் வரியே வரவில்லை.

பாதிப் பேருக்கு இது மனப்பாடத்தால் வருகிறது. வார்த்தைக்கு வார்த்தை உருப்போட்டால், நடுவில் ஒரு சொல் தவறியதும் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமும் சேர்ந்து போய்விடும். முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். ஏனென்றால் படபடப்பு தொடக்கத்தில்தான் அதிகம். மற்றதற்கு மூன்று நான்கு குறிப்புச் சொற்கள் போதும், கையில் ஒரு துண்டுச் சீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியை மனத்துக்குள் செய்யாதீர்கள். வாய்விட்டு, நின்றுகொண்டு, யாராவது ஒருவரிடம் சொல்லுங்கள். அறை நண்பன், தங்கை, பாட்டி யாரானாலும் சரி. ஒவ்வொரு முறையும் வேறு வேறு வார்த்தைகளில் சொல்லிப் பாருங்கள். அப்போதுதான் ஒரு வழி அடைத்தாலும் இன்னொரு வழி திறக்கும்.

அப்படியும் நடுவில் மறந்துவிட்டால், நிறுத்துங்கள். "ஒரு நிமிஷம், குறிப்பைப் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். உங்களுக்கு யுகமாகத் தெரியும் அந்த இடைவெளி கேட்பவர்களுக்கு மூன்று நான்கு நொடிதான்.

தமிழ் வழியில் படித்து வந்து ஆங்கிலத்தில் பேச வேண்டியிருப்பவர்களுக்கு இரட்டைச் சுமை. என்னிடம் பேசிய மாணவர்களில் பலர் கூச்சம் என்று சொன்னது உண்மையில் இதுதான். நண்பர்களோடு தமிழில் அருவி மாதிரி பேசுவார்கள், ஆங்கிலம் என்றதும் ஊமையாகிவிடுவார்கள். அவர்களிடம் பதற்றம் பாதி, பழக்கமின்மை பாதி. இரண்டையும் ஒன்றாகக் கலந்து சரிசெய்ய முயன்றால் இரண்டும் நடக்காது. முதல் மாதம் வீட்டிலோ விடுதி அறையிலோ தினம் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் உரக்கப் பேசி வாயைப் பழக்குங்கள், அன்று நடந்ததைச் சொன்னாலே போதும். கூட்டத்தில் பேசும் பயிற்சியை இதே மாதம் தமிழில் தொடங்குங்கள். அப்புறம் இரண்டையும் சேருங்கள். நேர்முகத் தேர்வில் கேள்வி புரியவில்லை என்றால் "குட் யூ ரிப்பீட் தட், சார்?" என்று கேட்பது தவறே இல்லை. புரிந்த மாதிரி தலையாட்டுவதுதான் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

கடைசி நிமிடத்துக்கு ஒரு சின்ன உத்தி. ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மேடைக்கு முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொன்னவர்கள் நன்றாகப் பேசினார்கள். துடிக்கிற இதயத்தை அடக்குவது கடினம். அந்தத் துடிப்புக்கு வேறு பெயர் வைப்பது அதைவிட எளிது.

தொடர்ந்து பழக இடம் வேண்டுமென்றால் டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கங்களைப் பாருங்கள். 1924இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அமைப்பு, சென்னை, கோவை போன்ற ஊர்களில் கிளைகள் உண்டு. முதலில் விருந்தினராகப் போய்ச் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம். அங்கே கொடுத்த தலைப்பில் ஓரிரு நிமிடம் உடனே எழுந்து பேசும் பகுதி இருக்கிறது. மண்டை காலியாகிறவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

அறிகுறி: போன் மணி அடித்தால் எடுக்க முடியவில்லை

முகம் தெரியாததால் எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று நீங்களே கற்பனை செய்துகொள்கிறீர்கள். கேட்க வேண்டிய இரண்டு விஷயங்களை மட்டும் எழுதிவைத்துக்கொண்டு, தினம் ஒரு தேவையில்லாத அழைப்பைச் செய்யுங்கள். மருந்துக் கடைக்குப் போட்டு "ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிவரைக்கும் இருப்பீங்க?" என்று கேட்டால் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமே என்று தோன்றும்போதெல்லாம் அனுப்பாமல் கூப்பிடுங்கள்.

அறிகுறி: என்ன பேசுவது என்றே தெரியவில்லை

பேச்சு அறிவாளித்தனமாக இருக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் ஒன்றும் கிடைக்காமல் போகிறது. மற்றவர்கள் பேசுவதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். "எப்ப வந்தீங்க?", "பஸ் கூட்டமா இருந்துச்சா?", "சாப்பிட்டாச்சா?" இப்படித்தான் உலகமே பேசிக்கொள்கிறது. எதிராளி சொன்ன பதிலில் ஒரு சொல்லைப் பிடித்து அடுத்த கேள்வியைக் கேளுங்கள். "நேத்தே திருநெல்வேலியிலிருந்து வந்துட்டேன்" என்றால், "திருநெல்வேலில எந்தப் பக்கம்?" கேட்பதோடு நிறுத்தாமல் உங்களைப் பற்றியும் ஒன்று சொல்லுங்கள். கேள்வி மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும், அதுவும் ஒளிந்துகொள்ளும் வழிகளில் ஒன்று.

சம்பளம், கல்யாணம், குழந்தை பற்றிக் கேட்கும் உறவினர்களுக்கு ஒரு வரி தயாராக இருக்கட்டும். "பாத்துக்கிட்டு இருக்கோம் மாமா, அமைஞ்சா மொதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன்." சொல்லிவிட்டு அவர் மகன் என்ன செய்கிறான் என்று கேளுங்கள்.

பேசி முடித்த பிறகு "அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்று தோன்றினால், அதை நம்பாதீர்கள். எரிக்கா பூத்பியும் மற்றவர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முதன்முதலாகச் சந்தித்துப் பேசியவர்கள், தங்களை எதிராளிக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்று ஊகித்தது சராசரியாகக் குறைவாகவே இருந்தது. உண்மையில் அதைவிட அதிகமாகப் பிடித்திருந்தது. கூச்சமுள்ளவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் அதிகம்.

அறிகுறி: ஒரு சின்ன உதவிகூடக் கேட்க முடியவில்லை

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தும் "இறக்கம் இருக்கு" என்று சொல்ல வாய் வராமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவது. கடையில் மீதிச் சில்லறை குறைந்தாலும் கேட்காமல் வந்துவிடுவது. இதற்குப் படிப்படியாக ஏறும் பட்டியல்தான் மருந்து.

ஆல்பர்ட் எல்லிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் 19 வயதில், 1930களில், பெண்களிடம் பேசும் பயத்தைப் போக்க நியூயார்க்கின் பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவில் ஒரு மாதம் தினமும் உட்கார்ந்து நூறு பேரிடமாவது பேச்சுக் கொடுத்தார். ஒருவர் மட்டும் மறுபடி சந்திக்கச் சம்மதித்தார், அவரும் வரவில்லை. ஆனால் எல்லிஸின் பயம் போய்விட்டது. இதை அப்படியே நம் ஊரில் செய்யாதீர்கள். முன்பின் தெரியாத பெண்ணை நிறுத்திப் பேச்சுக் கொடுப்பது அவருக்குத் தொல்லை, உங்கள் பயத்துக்கு அவர் பயிற்சிக் கருவி இல்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: மறுப்பு எத்தனை முறை வந்தாலும் ஒன்றும் ஆகாது என்பதை உடம்பே கற்றுக்கொள்ளும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்வது.

பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு உங்கள் பட்டியலை எழுதுங்கள். ஒருவருடைய பட்டியல் இப்படி இருக்கலாம். டீக்கடையில் "மாஸ்டர், சர்க்கரை கம்மியா" என்பது 25. கண்டக்டரிடம் "அண்ணே, பழைய பஸ் ஸ்டாண்டு வந்தா சொல்லுங்க" 35. இரண்டு ரூபாய் சில்லறையைக் கேட்டு வாங்குவது 45. துணிக்கடையில் பத்துச் சேலையை எடுத்துப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்காமல் வருவது 60. ரேஷன் கடையில் இடையில் புகுந்தவரிடம் "வரிசையில வாங்க" என்பது 75. வகுப்பில் கை தூக்குவது 85. நாற்பதுக்குப் பக்கத்தில் உள்ளதில் தொடங்குங்கள். ஒரு படியை ஒரே வாரத்தில் பல முறை செய்யுங்கள். மாதம் ஒரு முறை என்றால் ஒவ்வொரு முறையும் முதல் முறையாகவே இருக்கும். சலிப்புத் தட்டினால் அடுத்த படிக்குப் போகலாம், பயம் முழுக்கப் போகக் காத்திருக்க வேண்டாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சில இடங்களில் பயம் சொல்வது உண்மையாகவே இருக்கும். நிறத்தையும் சாதியையும் ஆங்கிலத்தையும் சொல்லிக் கேலி செய்யும் ஆசிரியரோ மேலதிகாரியோ இருந்தால், கோளாறு உங்களிடம் இல்லை. அவமதிப்பைத் தாங்கிப் பழகுவது இந்தப் பயிற்சியின் நோக்கம் இல்லை. அங்கே புகார் செய்வதும், துணை தேடுவதும், விலகுவதும்தான் சரியான வழி. அதேபோல் இருட்டிய பஸ் நிறுத்தத்தில் தனியாக நிற்கும் பெண்ணுக்கு வரும் பயம் எச்சரிக்கை, அதைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

அறிகுறி: வீட்டுக்கு வந்த பிறகு மனத்தில் படம் ஓடிக்கொண்டே இருக்கிறது

"ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் முகம் ஏன் மாறியது?" என்று இரவு ஒரு மணிக்கும் ஓடும். இப்படி ஓட்டிப் பார்ப்பதால் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை, ஒவ்வொரு முறையும் காட்சி இன்னும் கொஞ்சம் மோசமாகிறது. போவதற்கு முன் என்ன நடக்கும் என்று பயந்து எழுதிய தாளில் (வயிற்றைக் கலக்கும் பகுதியில் சொன்னது), வந்ததும் நடந்ததை நிரப்பிவிட்டு முடித்துக்கொள்ளுங்கள். மறுபடி ஓடினால், "தாளில் எழுதியாச்சு" என்று சொல்லிவிட்டுக் கை வேலை ஏதாவது பாருங்கள். "நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?" என்று நண்பரிடம் திரும்பத் திரும்பக் கேட்பதையும் நிறுத்துங்கள். அவர் தரும் ஆறுதல் அரை மணி நேரம்தான் தாங்கும்.

அறிகுறி: குடித்தால் மட்டும் சரளமாகப் பேச வருகிறது

இதைத் தள்ளிப்போடாதீர்கள். குடி இருக்கும்வரை மேலே சொன்ன எந்தப் பயிற்சியும் பதியாது, ஏனென்றால் தைரியம் முழுவதும் குடியின் கணக்கில் போய்விடும். மறுநாள் பதற்றம் இன்னும் கூடும். நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: வீட்டில் வாயாடும் குழந்தை பள்ளியில் பேசுவதே இல்லை

பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் அப்படி இருந்தால் பொறுத்திருக்கலாம். அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். திமிர், பிடிவாதம் என்று அடிக்கவோ மிரட்டவோ கூடாது. வருகிறவர்கள் முன் "மாமாவுக்கு ஒரு ரைம்ஸ் சொல்லு" என்று நிறுத்திவைக்காதீர்கள். அதே நேரம், கேட்ட கேள்விக்கெல்லாம் குழந்தைக்குப் பதிலாக நீங்களே பதில் சொல்லாதீர்கள். ஐந்து நொடி காத்திருங்கள். தலையசைத்தாலும் விரலால் காட்டினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். கடையில் காசைக் கையில் கொடுத்து நீட்டச் சொல்வதே நல்ல தொடக்கம்.

எல்லாம் செய்தும் குறையவில்லை

பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. ஒன்று, மறைக்கும் வேலை எங்கேயோ மிச்சம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் போனீர்கள், ஆனால் முழு நேரமும் அம்மா பக்கத்திலேயே நின்றீர்கள். இல்லையென்றால் படி ரொம்ப உயரம். பயத்துக்கு மதிப்பெண் போட்ட பட்டியலில் (உதவி கேட்கும் பகுதியில் இருக்கிறது) 90இல் தொடங்கிவிட்டுத் தோற்றுப்போனதாக நினைக்கிறீர்கள், 40க்கு இறங்குங்கள்.

அதையும் சரிசெய்து இரண்டு மூன்று மாதம் ஆகியும் அப்படியே இருந்தால், அல்லது படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் இதனால் நின்றுகொண்டிருந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் 2013இல் பெரியவர்களுக்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது சிபிடி என்ற பேச்சு வழிச் சிகிச்சையைத்தான். மேலே படித்தவற்றில் பலவும் அதன் துண்டுகள். அது கிடைக்காத இடத்திலும், போதாத இடத்திலும் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் உதவும். பலன் தெரியச் சில வாரம் ஆகும், திடீரென்று நிறுத்தக் கூடாது. உடனே அமைதிப்படுத்தும் மாத்திரைகளை மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் பழகிவிடாதீர்கள், அவை அடிமைப்படுத்தும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் விசாரியுங்கள். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். இலங்கையில் இருப்பவர்கள் 1926ஐ அழைக்கலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இன்றே கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் பேசவே கூச்சமாக இருக்கும் என்பது தெரிந்ததுதான். எப்போது தொடங்கியது, எந்தெந்த இடங்களில் வருகிறது, எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள், தூக்கம் எப்படி, குடி உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அரைப் பக்கம் எழுதிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். போனில் என்றால் "எனக்கு ஆளுங்களைப் பார்த்தாலே பயமா இருக்கு, எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல" என்ற ஒரு வரி போதும். அதற்கு மேல் கேட்க வேண்டியதை அவர்கள் கேட்பார்கள்.